தளபதி தூங்குமூஞ்சி

தூங்குமூஞ்சி உயிரோடு இருந்தவரை எந்த வேலையிலும் ஒரு படிகூட மேலே ஏறியதில்லை. அப்பாவின் பிரிட்ஜ் ரிப்பேர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தான், எடுபிடியாகவே இருந்தான். அவனுக்கு வாய்த்த பதவி உயர்வெல்லாம் செத்த பிறகு வந்தவைதான். அந்த விஷயத்தில் மட்டும் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு பிள்ளை செத்த பிறகு இவ்வளவு சுறுசுறுப்பாக முன்னுக்கு வந்ததை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை.

பட்டப்பகலில்தான் சுட்டார்கள். இறைச்சிக் கடை ஒன்றின் ஃப்ரீசரைச் சரிசெய்துவிட்டு, பின் சீட்டில் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வழக்கம்போலப் பாதித் தூக்கத்தில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தான். பாலத்தடியில் ‘வந்தவர்களின்’ சோதனைச் சாவடி. அந்த வெளிநாட்டுப் படையை ஊரில் ‘வந்தவர்கள்’ என்றுதான் சொல்வார்கள். அவர்களை எதிர்த்து மலையேறிய கெரில்லாக்களை ‘மேலே இருப்பவர்கள்’ என்பார்கள். இரண்டையும் மெதுவாகத்தான் சொல்வார்கள். சாவடியில் இருந்த சிப்பாய் தன் மொழியில் நில் என்றான். பெற்ற தாய் தாய்மொழியில் கூப்பிட்டாலே இரண்டாம் தடவைதான் திரும்பிப் பார்க்கிற பிள்ளை அவன். அந்த இரண்டாம் தடவைக்கு அவர்கள் இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் அவன் அப்பா, கடைக்கார மெக்கானிக், மகனின் உடலைக் கேட்டு வந்தவர்களின் அலுவலகத்துக்குப் போனார். முன்பு நூலகமாக இருந்த கட்டடம் அது. இப்போது வாசலில் ‘வெற்றி நிர்வாக அலுவலகம்’ என்று பலகை மாட்டியிருந்தது. பொதுமக்கள் காத்திருக்க ஒதுக்கிய இடம் நூலகத்தின் குழந்தைகள் பிரிவு. சிவப்பும் மஞ்சளுமாகக் குட்டி நாற்காலிகள். உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். காணாமல் போனவர்களின் அப்பா அம்மாக்கள் எல்லாரும் அதில் ஒடுங்கிக்கொண்டு, பாடம் படிக்காமல் வந்து மாட்டிக்கொண்டவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே ஒரு கர்னலும் மொழிபெயர்ப்பாளர் அம்மா ஒருவரும் இருந்தார்கள். அந்தம்மா இதே ஊர்க்காரர்தான். கர்னல் பேச்சைச் சொல்லும்போது மட்டும் நோட்டீஸில் அச்சடித்த மாதிரி பேசுவார்; தன் பேச்சு பேசும்போது நம்மைப் போலப் பேசுவார். கர்னல் எழுந்து மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மரியாதை தெரிந்தவர். இறந்த கெரில்லாவின் தந்தைக்கு ஆழ்ந்த அனுதாபம் என்றார்.

“எம் பையன் கெரில்லா இல்லைங்க. பிரிட்ஜ் ரிப்பேர் பண்றவன். அதையும் ஒழுங்கா பண்ணமாட்டான்” என்றார் மெக்கானிக்.

அந்தம்மா அதைச் சொன்னார். கர்னல் பொறுமையாகக் கேட்டுவிட்டு விளக்கினார். “எங்கள் படை அப்பாவிகளைச் சுடுவதே இல்லை. இது எங்கள் நாட்டின் சட்டம். உங்கள் மகனை நாங்கள் சுட்டிருக்கிறோம். ஆகவே அவர் அப்பாவியாக இருந்திருக்க வாய்ப்பில்லை. இருந்திருந்தால் நாங்கள் சட்டத்தை மீறியவர்கள் ஆகிவிடுவோம். நாங்கள் சட்டத்தை மீறுவதில்லை.”

மெக்கானிக்குக்குக் கம்ப்ரசர் தெரியும், கண்டென்சர் தெரியும், இது பிடிபடவில்லை. சரி, எதுவாகவோ இருந்துவிட்டுப் போகட்டும், உடம்பைக் கொடுங்கள் என்று கேட்டார். உடல் இப்போது வெற்றிச் சான்று, போர் முடிந்ததும் தரப்படும் என்றார் கர்னல். போர் முடிந்துவிட்டதாக நேற்று வானொலியில் நீங்கள்தானே சொன்னீர்கள் என்று மெக்கானிக் கேட்டார். அது மக்களுக்காகச் சொன்னது என்று கர்னல் பதில் சொன்னார்.

அந்த வார முடிவில் மெக்கானிக் மறுபடி போனபோது மகன் கேப்டன் ஆகியிருந்தான். அவன் பையில் கிடைத்த செப்புக் குழாய்த் துண்டுகள், குறடு, பிரஷர் கேஜ், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் வெள்ளைத் துணி விரித்த மேசையில் வரிசையாக வைத்து அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு கருவிகள் ஒரு சாதாரண உறுப்பினரிடம் இருக்க முடியாது என்பது அவர்கள் முடிவு. அந்தக் குறடு மெக்கானிக்குடையது. அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியதற்காக வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கர்னல்கள் ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறுவார்கள். வரும்போதே ஊர் திரும்பும் தேதியோடு வருவார்கள். நாற்காலிக்குப் பின்னால் சுவரில் காலண்டர் மாட்டி, அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைப்பார்கள். ஒவ்வொருவரும் தன் ஆறு மாதத்துக்குள் போரில் ஒருமுறை ஜெயித்தாக வேண்டும். ஜெயித்தால் பதக்கம் உண்டு. முதல் கர்னல் கேப்டன் தூங்குமூஞ்சியை வீழ்த்தியதற்காகப் பதக்கம் வாங்கிக்கொண்டு, பேண்டு வாத்தியம் முழங்க ஊருக்குப் போனார். இரண்டாவது கர்னல் வந்து போரை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

புதியவர் ஒல்லியான மனிதர், கண்டிப்பானவர். போன ஆளே ஒரு கேப்டனைக் கொன்றிருக்கும்போது தான் அதற்குக் கீழே இறங்க முடியாது அல்லவா? ஆனால் பெரிய ஆள் யாரும் அகப்படவில்லை. மேலே இருப்பவர்கள் படை ஏறிப்போனால் இல்லாமல் போவார்கள், படை இறங்கி வந்தால் இருப்பார்கள். கடைசியில் குளிர்கிடங்கில் ஏற்கெனவே இருக்கும் உடல்களை மறு ஆய்வு செய்யும்படி உத்தரவு போட்டார். போன கர்னல் பல விஷயங்களைக் கவனிக்காமல் விட்டுவிட்டது தெரிய வந்தது. கேப்டன் தூங்குமூஞ்சி உண்மையில் வட்டாரத் தளபதி. அவரை வீழ்த்தியதற்கு இந்தக் கர்னலுக்கும் ஒரு பதக்கம் தயாரானது. சுட்ட சிப்பாய் எப்போதோ ஊருக்குப் போய்விட்டான். அவன் ராத்திரியில் தூங்குவதில்லையாம், அவனுடைய அம்மா படைக்குக் கடுதாசி போட்டிருக்கிறாளாம் என்று மொழிபெயர்ப்பாளர் அம்மா மெதுவாகச் சொன்னார். மெக்கானிக் அதற்குச் சந்தோஷப்படலாமா என்று யோசித்துப் பார்த்தார். முடியவில்லை.

அந்த வெயில் காலத்தில் குளிர்கிடங்கு பழுதாகிப் போனது. பழ வியாபாரிகளுக்காகக் கட்டிய கிடங்கை வந்தவர்கள் வெற்றிச் சான்றுகளை வைக்க எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பழுதுபார்க்க அவர்கள் நாட்டிலிருந்து நிபுணர் வர வேண்டும், அவர் வரப் பாதுகாப்பு வேண்டும், பாதுகாப்புக்கு ஒரு படைப்பிரிவு வேண்டும், படைப்பிரிவு வரும் சாலையை மேலே இருப்பவர்கள் உடைத்திருந்தார்கள். வேறு வழி இல்லாமல் ஊரில் நல்ல மெக்கானிக் யார் என்று விசாரித்தார்கள். ஊரில் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

ஜீப் வந்து கடை வாசலில் நின்றது. எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும் மெக்கானிக் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் போகாவிட்டால், கெட்டுப்போகும் உடல்களை எல்லாம் ஒரே குழியில் தள்ளி மூடிவிடுவார்கள். போனால், அவன் அங்கேயே கிடப்பான். எந்தத் தகப்பனுக்கும் இப்படி ஒரு ரிப்பேர் வேலை வரக் கூடாது. பிறகு எழுந்து பையை எடுத்துக்கொண்டார்.

ஒரு கெப்பாசிட்டர்தான் போயிருந்தது. விசிறி மோட்டார் அதனால் நின்றிருந்தது. மாற்றினார், ஓடியது. உள்ளே குளிர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கதவைத் திறக்க வைத்தார். முன்பு பழக்கூடைகள் அடுக்கிய இரும்புத் தட்டுகளில் துணி போர்த்தாமல் வரிசையாகப் படுத்திருந்தார்கள். இடது பக்கம் மூன்றாவது தட்டில் தூங்குமூஞ்சி. கால் கட்டை விரலில் ‘வட்டாரத் தளபதி’ என்று அட்டை தொங்கியது. மொழிபெயர்ப்பாளர் அம்மா காவலாளியிடம் நேரம் என்ன என்று கேட்டு, அவன் கடிகாரம் சரிதானா என்று கேட்டு, அது எங்கே வாங்கியது என்றும் கேட்டார். அந்த இடைவெளியில் மெக்கானிக் மகனின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் பிடித்துக்கொண்டு சூடு பார்ப்பார். அன்றைக்குச் சூடு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சாப்பாடு வைக்கவில்லை. எதிரில் வந்து உட்கார்ந்தாள். “எப்படிங்க இருக்கான்?” என்றாள்.

“தூங்கிட்டிருக்கான்” என்றார்.

வேலை திருப்தியாக இருந்ததால் கிடங்கைப் பராமரிக்கும் பொறுப்பை அலுவலகம் அவருக்கே கொடுத்தது. மாதம் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும், உடன் உதவியாளர் ஒருவரை அழைத்து வரலாம். அடுத்த மாதம் அவர் மனைவி உதவியாளராக வந்தாள். மகனின் நீலச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே நுழைந்தாள். உதவியாளர்கள் அழக் கூடாது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அவள் அழவில்லை. அவர் ஸ்பேனர் கேட்கும்போது எடுத்துக் கொடுத்தாள், நடுநடுவே மூன்றாவது தட்டின் பக்கம் குனிந்து வீட்டுச் சங்கதிகளை முணுமுணுத்தாள். எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததையும் சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுவதையும் சொன்னாள். அந்தக் குழாயைச் சரிபண்ணுகிறேன் என்று அவன்தான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். மேலே ஒரு போர்வை போர்த்திவிட வேண்டும். அவன் குளிர் தாங்கமாட்டான். மெக்கானிக் அதைக் கர்னலிடம் கேட்டார். சான்றின் நிலையை மாற்ற அனுமதி இல்லை என்று ஒல்லிக் கர்னல் சொல்லிவிட்டார். ஆனாலும் தாயின் உணர்வை மதிப்பதாகச் சேர்த்துக்கொண்டார். அவர்கள் எல்லா உணர்வுகளையும் மதித்தார்கள். அதற்கென்று தனியாக ஓர் அதிகாரியே இருந்தார்.

மூன்றாவது கர்னல் வந்தபோது நிலைமை மோசமாக இருந்தது. இவர் எப்போதும் சிரித்த முகம். எண்ணெய் லாரிகள் எரிந்தன, பாலங்கள் விழுந்தன, வந்தவர்கள் முகாமை விட்டு வெளியே போவதே குறைந்தது. இரண்டு முறை ஜெயித்து முடித்த போரில் இப்படி நடப்பது அவருக்குப் பெருத்த ஆச்சரியம். அவர்கள் தலைநகரிலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைத்தார். கெரில்லாக்கள் ஏன் இன்னும் தோற்கவில்லை என்பது பற்றி நூலகத்தின் பெரிய ஹாலில் பேராசிரியர் உரையாற்றினார். ஊர்ப் பெரிய மனிதர்களையும் வரச் சொல்லியிருந்ததால் மொழிபெயர்ப்பும் நடந்தது. ஹாலின் ஏசி ஒழுகிக்கொண்டிருந்ததால் மெக்கானிக்கும் ஏணி மேல் நின்றபடி கேட்க நேர்ந்தது.

“அவர்களிடம் விமானம் இல்லை. ஆகவே நம்மால் அவர்களுடைய ஒரு விமானத்தைக்கூட வீழ்த்த முடியவில்லை” என்று பேராசிரியர் தொடங்கினார். “அவர்களுக்குத் தலைமையகம் இல்லை. ஆகவே அதைக் கைப்பற்ற முடியவில்லை. அவர்களுக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தோம். அவரவர் அம்மாவிடமிருந்து வருகிறது. அம்மாக்களின் எண்ணிக்கை நாம் எதிர்பார்த்ததைவிட அதிகம். நாம் ஒவ்வொரு சண்டையிலும் ஜெயிக்கிறோம். அவர்கள் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் இருக்கிறார்கள். ஒருவரைக் கொன்றால் அவருடைய தம்பியும் மைத்துனனும் மலையேறுகிறார்கள். இந்தக் கணக்கை யாரும் நமக்கு முன்கூட்டித் தெரிவிக்கவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, நம் ஒவ்வொருவருக்கும் ஊர் திரும்பும் தேதி இருக்கிறது. அவர்களுக்கு இல்லை. ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே ஊரில்தான் இருக்கிறார்கள். இது போர் நெறிகளுக்கு முற்றிலும் முரணானது.”

இவ்வளவையும் சொன்னவர், இதிலிருந்து ஒரே ஒரு முடிவுக்குத்தான் வர முடியும் என்றார். இத்தனைக்கும் பின்னால் ஒரு மகா மூளை இருக்கிறது. அலுவலகத்துக்குத் தெரிந்த கெரில்லாக்களிலேயே பெரியவர் தளபதி தூங்குமூஞ்சி. தாக்குதல்கள் தொடர்கின்றன. ஆகவே தளபதி தூங்குமூஞ்சி உயிரோடு இருக்கிறார். அந்தப் பெயரே ஒரு தந்திரம், உண்மையில் அவர் கண் மூடுவதே இல்லை என்று சொல்லி முடித்தபோது ஹாலே கை தட்டியது. ஏணி மேல் இருந்த மெக்கானிக்கின் கையிலிருந்து திருப்புளி கீழே விழுந்தது.

மறுநாளே ஊர்ச் சுவரெல்லாம் மகனின் படம் ஒட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் எடுத்த படம். அதிலும் கண் பாதி மூடித்தான் இருந்தது. கீழே ‘தேடப்படும் தலைமைத் தளபதி’ என்று போட்டிருந்தது. மெக்கானிக்குக்குக் கோபத்துக்கு நடுவே ஒரு நப்பாசை பிறந்தது. மகன் உயிரோடு இருக்கிறான் என்றால் கிடங்கில் இருக்கும் உடம்பு அவர்களுக்கு எதற்கு? நூலகத்துக்கு ஓடினார். கர்னல் சிரித்த முகமாக வரவேற்றார். ஆமாம், அந்த உடல் இனி வெற்றிச் சான்று இல்லை, அடையாளம் தெரியாத உடல் என்று ஒத்துக்கொண்டார். உறவினர் வந்து கேட்டால் உடனே கொடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

“நான்தாங்க உறவினர். நான் அவன் அப்பா.”

“நீங்கள் தளபதியின் தந்தை. அடையாளம் தெரியாத உடலுக்கு நீங்கள் எந்த வகையில் உறவு?”

அதோடு விடவில்லை. தளபதியின் தந்தை தானாகவே வந்து மாட்டியிருக்கும்போது எந்த அதிகாரி விடுவான்? கதவைச் சாத்திவிட்டு உங்கள் மகன் எங்கே என்று கேட்டார்கள். மாற்றி மாற்றிக் கேட்டார்கள். அடித்தும் கேட்டார்கள். அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

“உங்ககிட்டதாங்க இருக்கான். குளிர்ல கிடக்கான் எம் பிள்ளை.”

அந்தம்மா அதை மொழிபெயர்த்தார். அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் பாதியைத் திமிர் என்று தள்ளிவிட்டார்கள், பின்பாதியைத் தகவல் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் குளிரான இடம் என்றால் வடக்கே பனி மூடிய மலைமுகடுகள்தான். இரண்டு நாள் விமானங்கள் போய் அந்த முகடுகளில் குண்டு போட்டன. அங்கே தளபதிகள் இல்லை. ஆடு மேய்க்கிறவர்கள்தான் இருந்தார்கள். மிஞ்சியவர்கள் மேலே இருப்பவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார்கள். யார் தலைமையில் சண்டை போடப் போகிறீர்கள் என்று கேட்டால் அவர்களும் தளபதி தூங்குமூஞ்சியின் பெயரைத்தான் சொன்னார்கள். சுவரொட்டியில் பார்த்திருந்தார்கள்.

மெக்கானிக்கை விட்டுவிட்டார்கள். அவர் இல்லாமல் ஏசிகள் நின்றுவிட்டன.

பேராசிரியர் போவதற்கு முன்னால் ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போயிருந்தார். கெரில்லாக்களுக்குத் தலைமையகம் இல்லாததுதான் பிரச்சினை என்றால், ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிடலாம். பிறகு அதைத் தகர்க்கலாம். ஊருக்கு வெளியே பாறை மேட்டில் கட்டுமானம் ஆரம்பமானது. மூன்று மாடி, கூட்ட அறை, வரைபட அறை, வாசலில் மேலே இருப்பவர்களின் கொடி. அவர்களுக்கு அதுவரை கொடியே கிடையாது. வந்தவர்கள்தான் நிறம் தேர்ந்தெடுத்துத் தைத்துக் கொடுத்தார்கள். கதவுகளும் தகரக் கூரையும் இரண்டு தடவை களவு போயின. அதைத் தவிர மேலே இருப்பவர்கள் அந்தக் கட்டடத்தின் மேல் எந்த அக்கறையும் காட்டவில்லை.

கடைசி வேலையாகத் தலைமைத் தளபதியின் அறைக்கு ஏசி பொருத்த மெக்கானிக்கை அழைத்துப் போனார்கள். பெரிய அறை. பக்கத்திலேயே குளியலறை. ஜன்னலைத் திறந்தால் ஊர் முழுதும் தெரிந்தது. கதவில் பித்தளைத் தகட்டில் மகனின் பெயர். இருபது வயதில் அவன் தனக்கென்று ஓர் அறை வேண்டும் என்று கேட்டான்; கடைக்கு மேலே தட்டி வைத்துத் தடுத்துத் தருகிறேன் என்று இவர் சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போது சுவரில் துளை போட்டு, குழாய் இழுத்து, கேஸ் நிரப்பி, சத்தம் வராமல் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்டார். அவன் தூக்கம் கெடக் கூடாது என்று அந்த ஒரு நிமிஷம் அவருக்குத் தோன்றிவிட்டது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். வெளியே நின்ற சிப்பாய்கள் வேலை முடிந்ததா என்று கேட்டார்கள். முடிந்தது என்றார்.

அடுத்த வாரம் விமானங்கள் வந்து அந்தக் கட்டடத்தைத் தரைமட்டமாக்கின. தலைமைத் தளபதி தம் அறையிலேயே மாண்டார், உடல் கிடைக்கவில்லை என்று அறிவிப்பு வந்தது. இதைவிடப் பெரிய வெற்றி இனிக் கிடையாது. ஆகவே போர் முடிந்தது, ஆகவே படை ஊர் திரும்புகிறது. கர்னல் நூலக வாசலில் நின்று விடைபெறும் உரை நிகழ்த்தினார்.

“தோற்பவர்கள்தான் ஓர் இடத்திலேயே கிடப்பார்கள். வென்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். நாங்கள் வந்த நாளிலிருந்து ஒரு நாள்கூடத் தோற்றதில்லை. அதை நீங்கள் மறக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.”

யாரும் மறக்கவில்லை. கூட்டம் கலைந்தபோது மொழிபெயர்ப்பாளர் அம்மா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சின்னப் பெட்டி. தன்னையும் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார்களாம். இப்போது அடுத்த விமானம் என்கிறார்களாம். அடுத்த விமானம் கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

“ஆறு மாசத்துக்கு ஒருத்தர் வந்து ஜெயிச்சுட்டுப் போனாங்கண்ணா. மேலே இருக்கிறவங்க ஜெயிக்கவே இல்ல. போறதுக்கு வேற ஊர் இல்லாததால இங்கேயே இருந்தாங்க, அவ்வளவுதான்” என்றார். பிறகு, “எனக்கும் வேற ஊர் இல்லையே. நான் எங்க போவேன்?” என்றார்.

மெக்கானிக் வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வேறு தெருவில் நடந்து போனார். அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. பார்த்தவர்கள் இருந்தாலும் சொல்லவில்லை.

வந்தவர்கள் போகும்போது குளிர்கிடங்கின் ஜெனரேட்டரைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டார்கள். மெக்கானிக்குக்கு அது தெரிந்த மறு நிமிஷமே மனைவியைக் கூட்டிக்கொண்டு தள்ளுவண்டியோடு ஓடினார். கிடங்கு திறந்து கிடந்தது. காவல் இல்லை, கேட்பார் இல்லை. எத்தனையோ மாதம் எத்தனையோ அதிகாரிகளிடம் கெஞ்சிக் கேட்ட பிள்ளையைக் கணவனும் மனைவியுமாக இறக்கி, பெரிய பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் படுக்க வைத்தார்கள். அவள் கொண்டுவந்திருந்த போர்வையை எடுத்துக் கழுத்துவரை போர்த்தி ஓரங்களைச் சொருகினாள். இவர் கால் விரல் அட்டையை அறுத்து எறிந்தார்.

பாலத்தடியில் புதுச் சாவடி முளைத்திருந்தது. மேலே இருந்தவர்கள் இறங்கி வந்திருந்தார்கள். மீசை அரும்பாத ஒருவன் துப்பாக்கியை நீட்டி, சொந்த மொழியில் நில் என்றான். மெக்கானிக் உடனே நின்றார். அவன் போட்டிருந்த பனியனில் பாதி மூடிய கண்களோடு தூங்குமூஞ்சியின் முகம் அச்சடித்திருந்தது.

பெட்டியில் என்ன என்று கேட்டான்.

“பழைய பிரிட்ஜுப்பா” என்றார் மெக்கானிக். “இனிமே ரிப்பேர் ஆகாது.”

மனைவி வண்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு அந்தப் பனியனையே பார்த்துக்கொண்டிருந்தாள். போங்க என்று சொல்லிவிட்டான். அன்றைக்கே மயானத்தின் ஒரு மூலையில் இரண்டு பேருமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

கல் வைத்துப் பெயர் பொறிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மயானக் காவலாளி அலுவலக அனுமதி வேண்டும் என்றான். மெக்கானிக் மறுபடி நூலகத்துக்குப் போனார். வாசல் பலகையில் ‘வெற்றி’ மட்டும் அப்படியே இருந்தது, மற்றதை மாற்றி எழுதியிருந்தார்கள். அதே குட்டி நாற்காலிகளில் வேறு அப்பா அம்மாக்கள். உள்ளே அதே நாற்காலியில் தாடி வைத்த ஒருவர். மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மெக்கானிக் விஷயத்தைச் சொன்னார். தன் மகன் செத்துவிட்டான், செத்தே நாளாகிறது, அவன் பிரிட்ஜ் மெக்கானிக், மலை இருக்கும் திசையில்கூட அவன் நடந்ததில்லை என்றார்.

தாடிக்காரரின் முகம் இறுகியது. “தளபதிக்குச் சாவே கிடையாது. அவர் செத்துட்டார்னு சொல்றது வந்தவங்க கிளப்பிவிட்ட பொய். அந்த ஒரு நம்பிக்கையிலதான் எங்க பசங்க அத்தனை குளிர்லயும் நின்னாங்க. நீங்க அவரோட அப்பா, அதனால விடறேன். வேற யாராவது இதைச் சொல்லியிருந்தா…” என்றவர் முடிக்கவில்லை. பிறகு மரியாதையாக எழுந்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

கல் வைக்கவில்லை. மண்ணைக் கையால் தட்டிவிட்டு வருவதோடு சரி.

வெற்றி விழா அன்று ஊர்வலம் கடைத் தெரு வழியாக வந்தது. ஜன்னல்கள் அதிரும் கூட்டம். வந்தவர்கள் தைத்துக் கொடுத்த அதே கொடி. சுவரொட்டியிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய முகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தளபதி வாழ்கிறார், தளபதி வருவார் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனார்கள். கத்தியவர்களில் மகனையோ அண்ணனையோ பறிகொடுக்காதவர்கள் குறைவு. மெக்கானிக் கதவைச் சாத்தப் போனார். மனைவி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கடைசி ஆள் தெருமுனையில் திரும்பும்வரை நின்றாள். அவள் முகத்தில் அத்தனை நாளாக இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்து அவருக்குப் பயமாக இருந்தது.

“ஏங்க” என்றாள். “இத்தனை பேரும் சொல்றாங்களே. இத்தனை பேரும் பொய்யாங்க சொல்வாங்க?”

குழி தோண்டியபோது மண்ணை அள்ளிப் போட்டவள் அவள். போர்வையைச் சொருகியவளும் அவள்தான். மெக்கானிக் வாயைத் திறந்தார். என் மகன் செத்துவிட்டான் என்று சிரித்த முகக் கர்னலிடமும் தாடிக்காரரிடமும், அடி வாங்கிக்கொண்டுகூட, மல்லுக்கு நின்று சொன்னவர் அவர். அவளிடம் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

“சொல்றாங்கதான்” என்றார்.